வுல்டன் திடலில் ஒரு சனிக்கிழமை

1957ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 6ஆம் நாள், சனிக்கிழமை. இங்கிலாந்தின் லிவர்பூல் மாநகரின் புறத்தே அமைந்த வுல்டன் என்னும் பகுதியில், புனித பேதுரு ஆலயத்தின் கோடைவிழாவுக்காக நிகழ்ச்சி நிரலொன்று அச்சிடப்பட்டது. பிற்பகல் 2 மணிக்கு ஊர்வலம், 3 மணிக்கு ரோஜா அரசிக்கு முடிசூட்டு, அதன்பின் சிறுவர்களின் மாறுவேட அணிவகுப்பு, 4.15க்குக் குவாரிமென் குழுவினரின் இசை, 5.15க்கு லிவர்பூல் நகரக் காவல்துறை நாய்களின் திறன்காட்சி, 5.45க்கு மீண்டும் குவாரிமென் குழுவினர். இரவு 8 மணிக்கு ஆலயக் கூடத்தில் நடனம், நுழைவுச் சீட்டு 2 ஷில்லிங். நடனத்துக்கு இசைக்கும் முதன்மைக் குழு வேறொன்று. அதன் பெயருக்குப் பின்னால்தான் குவாரிமென் என்ற பெயர் மீண்டும் ஒருமுறை வருகிறது.

காவல் நாய்களுக்கு முன்னொரு முறை, பின்னொரு முறை என இடம்பெற்ற அந்தக் குழுவில் இருந்தவர்கள் ஆறு இளைஞர்கள். இசையை முறையாகப் பயின்றவர் அவர்களுள் எவருமில்லை. ஊர்வலத்தில் லாரியின் மேல் நின்று இசைத்ததையும் சேர்த்தால், அந்த ஒரே நாளில் அவர்கள் நான்கு முறை மக்கள்முன் நின்றார்கள். அன்று மாலை அந்த ஆலயக் கூடத்தில் இரண்டு இளைஞர்கள் முதன்முதலாகச் சந்தித்துக் கொண்டார்கள். ஒருவர் ஜான் லெனன், மற்றவர் பால் மெக்கார்ட்னி. பின்னாளில் உலகெங்கும் பீட்டில்ஸ் என்ற பெயரால் அறியப்பட்ட இசைக்குழுவின் தொடக்கம் அது. இச்சந்திப்பைப் பற்றிப் பலர் எழுதிவிட்டனர். ஆனால் எனக்கோ, சந்திப்பைக் காட்டிலும் அது நிகழ்ந்த நாளின் மீதும், அந்நாளுக்கு இடங்கொடுத்த ஆலயத்தின் மீதுமே ஆர்வம் மிகுதி.

முதலில் அவ்விழாவைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். கொடியேற்றமும் நவநாளும் தேர்ப்பவனியுமாக நாம் அறிந்திருக்கும் பாதுகாவலர் திருவிழா அன்று அது. ஆங்கிலிக்கன் திருச்சபையின் பங்குகள் கோடைதோறும் ஆலயத்துக்குப் பின்னுள்ள திடலில் நடத்தும் எளிய கூடுகை. கடைகள், சிறு விளையாட்டுகள், பனிக்கூழ், எலுமிச்சைச் சாறு, பெரிய கூடாரத்தில் தேநீர், இவற்றோடு சிறிது இசை. பங்கின் செலவுக்குப் பணம் சேர்ப்பதும், அண்டை அயலாரை ஒருங்கே அமரவைப்பதும் இதன் நோக்கம். ஆண்டுதோறும் ஒரு சிறுமி ரோஜா அரசியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, அலங்கரித்த லாரியில் ஊர்வலமாக வருவாள். அவ்வாண்டு ஊர்வலத்தின் தலையில் செஷயர் குதிரைப்படையின் பித்தளை வாத்தியக் குழு முழங்கிச் சென்றது. ஊர்வலத்தின் கடைசி லாரி குவாரிமென் குழுவுக்கு ஒதுக்கப்பட்டது.

வுல்டன் கல்குவாரிக்குப் பெயர்பெற்ற இடம். லிவர்பூலின் ஆங்கிலிக்கன் பேராலயம் 1904இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1978இல் நிறைவெய்தியது. அதற்கான செந்நிற மணற்கல்லை அளித்தது வுல்டன் குவாரிதான். லெனன் படித்த பள்ளியின் பெயரிலும் குவாரி உண்டு, பள்ளிப் பாடலிலும் உண்டு. பிள்ளைகள் தம் குழுவுக்குப் பெயர் தேடி வெகுதூரம் போகவில்லை.

அக்குழு இசைத்தது ஸ்கிஃபிள் என்னும் எளிய இசை. அமெரிக்கக் கறுப்பின மக்களின் நாட்டுப்பாடல்களிலிருந்து கிளைத்த அதனை லானி டோனகன் என்னும் பாடகர் 1956இல் பிரிட்டன் முழுதும் பரவச் செய்தார். போரின் பின்விளைவான உணவுப் பங்கீடு அந்நாட்டில் 1954இல்தான் முற்றிலும் நீங்கியிருந்தது. உழைக்கும் குடும்பத்துப் பையனால் பியானோவையோ சாக்ஸஃபோனையோ வாங்க இயலாது. ஸ்கிஃபிளுக்கு அவை வேண்டா. மூன்று சுரக்கோவைகளைக் கற்றுக்கொண்ட ஒருவனும், மலிவான ஒரு கிதாரும் போதும். மற்றவையெல்லாம் வீட்டிலேயே கிடைத்தன. நெளிநெளியான தகரம் பதித்த துணி துவைக்கும் பலகையை, தையற்காரர் விரல்நுனியில் மாட்டும் உலோக மூடிகளால் உரசித் தாளம் எழுப்பினார்கள். காலியான தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து, அதன் விளிம்பில் ஒரு துடைப்பக் கோலை நிறுத்தி, கோலின் நுனிக்கும் பெட்டியின் நடுவுக்கும் ஒரு கயிற்றைக் கட்டினால் அடித்தொனி தரும் வாத்தியம் ஆயிற்று. அந்நாளில் இங்கிலாந்து அருந்திய தேயிலையில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் மரப்பெட்டிகளில் கப்பலேறிச் சென்றது. இலங்கை மலைகளில் அக்கொழுந்தைக் கிள்ளியவர்கள் பெரும்பாலும் தமிழர். தேயிலைப் பெட்டியைத் தட்டிப் பாடிய ஆங்கிலச் சிறுவர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. பதினெட்டு வயதானதும் ஈராண்டு கட்டாயப் படைப்பணி என்பது அதுவரை பிரிட்டிஷ் இளைஞனின் தலையெழுத்தாக இருந்தது. அதற்கு முடிவுகட்டப்படும் என 1957 ஏப்ரலில் அரசு அறிவித்தது. இக்குழுவினரில் பெரும்பாலோர்க்கு இனிச் சீருடை இல்லை. குழுக்கள் கலையாமல் நிலைத்ததற்கு இவ்விடுதலையும் துணை செய்தது.

இனி, அந்த ஆறு பேர். பதினாறு வயது லெனன் கிதார் வாசித்துப் பாடினார். எரிக் கிரிஃபித்ஸ் இன்னொரு கிதார். ராட் டேவிஸ் பாஞ்சோ. பீட் ஷாட்டன் துணிப்பலகை. லென் கேரி தேயிலைப் பெட்டி. காலின் ஹேன்டன் டிரம்ஸ். ஹேன்டன் ஒருவரே மற்றவர்களைவிட மூத்தவர். இருக்கைகளுக்கு மெத்தை தைக்கும் தொழில் பயின்றுகொண்டிருந்த அவர், தம் முரசுகளைத் தவணைமுறையில் வாங்கியிருந்தார். லெனனின் கிதாரில் ஆறு நரம்புகள் இருந்தாலும் அவர் பாஞ்சோவின் சுரக்கோவைகளைத்தான் வாசித்தார். ஏனெனில் அவருக்குக் கற்றுக்கொடுத்த தாய் ஜூலியாவுக்குத் தெரிந்தது பாஞ்சோ மட்டுமே. அந்தத் தாயோடு மகன் வாழவில்லை. வளர்த்தவர் பெரியம்மா மிமி.

அந்தக் கோடையில் அவர்கள் ஓய்ந்திருக்கவில்லை. ஜூன் 9ஆம் நாள் லிவர்பூல் எம்பயர் அரங்கில் நடந்த திறமைத் தேர்வில் பங்கேற்றுத் தோற்றார்கள். ஜூன் 22ஆம் நாள், ஜான் மன்னர் 1207இல் நகருக்குப் பட்டயம் வழங்கியதன் 750ஆம் ஆண்டை முன்னிட்டு ரோஸ்பெரி தெருவில் நடந்த கொண்டாட்டத்தில், நிலக்கரி லாரியின் மேல் ஏறி இசைத்தார்கள். அங்கே சில முரடர்கள் அடிக்க வருவதாகத் தெரிந்ததும், லாரியிலிருந்து குதித்து அருகிருந்த வீட்டுக்குள் புகுந்து, கடைசியில் ஒரு காவலரின் துணையோடு பேருந்து நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஒரு தோல்வி, ஒரு தப்பியோட்டம். இவற்றுக்குப் பின் வந்ததுதான் ஆலய விழா.

ஆலயம் அவர்களை அழைத்தது எப்படி? இங்கேதான் எனக்கு வியப்பு. லெனன் அவ்வாலயத்துக்குப் புதியவர் அல்லர். சிறுவயதில் அங்கே ஞாயிறு மறைக்கல்விக்குச் சென்றவர். பாடற்குழுவில் வெள்ளை அங்கி அணிந்து பாடியவர். பதினைந்தாம் வயதில் அங்கேயே உறுதிபூசுதல் பெற்றவர். ஆனால் அவருடைய குறும்புகளைத் தாங்கமாட்டாமல் பாடற்குழுவிலிருந்து விலக்கிவிட்டார்கள் என்று வரலாறு எழுதியோர் கூறுகின்றனர். அப்படி விலக்கப்பட்ட பையனின் குழுவையே விழாவுக்கு அழைக்கலாம் என்று எடுத்துச் சொன்னவர், குழுவில் ஒருவரான ஷாட்டனின் தாயார். விழாக்குழுவினர் இசைந்தனர். இளைஞரை ஈர்க்க ஏதேனும் வேண்டும் என்ற எண்ணமாக இருக்கலாம். பங்கு மக்களின் பிள்ளைகள்தாமே என்ற பரிவாகவும் இருக்கலாம். எதுவாயினும், அந்த முடிவுக்குப் பின்னால் தொலைநோக்கு ஒன்றும் இல்லை. தேநீர்க் கூடாரத்துக்கும் நாய்க் காட்சிக்கும் இடையில் அரைமணி நேரத்தை நிரப்ப வேண்டியிருந்தது, நிரப்பினார்கள்.

அன்று நல்ல வெயில். கடைசி லாரியில் ஏறிய குழுவினர், நகரும் வண்டியில் நிற்கவும் வேண்டும், வாசிக்கவும் வேண்டும் என்ற நிலையில் ஊரைச் சுற்றிவந்தனர். முன்னே படைவாத்தியம், பின்னே துணிப்பலகை. பிறகு திடலில் மேடை. கட்டமிட்ட சட்டை அணிந்து, ஒலிவாங்கியின் முன் நேரே நோக்கிப் பாடும் லெனனை அன்று ஒரு பள்ளித் தோழர் எடுத்த நிழற்படம் காட்டுகிறது. மேடையைச் சுற்றிச் சிறுவர் கூட்டம். வானொலியில் கேட்டுக் கற்ற பாடல்கள் ஆதலால் சொற்கள் பாதிதான் தெரியும். தெரியாத இடங்களைத் தாமே இட்டு நிரப்பிக்கொண்டார். தேநீர் அருந்திக்கொண்டிருந்த மிமி, ஓசை கேட்டு எழுந்துவந்து, மேடையில் நிற்பது தம் வளர்ப்பு மகன் என்று கண்டு திகைத்தார். அவர் வருவதையும் லெனன் உடனே பாட்டுக்குள் சேர்த்துவிட்டார் என்பார்கள்.

கூட்டத்தில் நின்று இதைக் கவனித்தவர்களுள் பதினைந்து வயது பால் மெக்கார்ட்னி ஒருவர். இருவருக்கும் பொது நண்பரான ஐவன் வான் அவரை அழைத்து வந்திருந்தார். மெக்கார்ட்னியின் தாய் மேரி, ஐரிஷ் வழிவந்த கத்தோலிக்கக் குடும்பத்தவர். செவிலியாகவும் பேறுகால உதவியாளராகவும் பணியாற்றியவர். தந்தை ஜிம் சீர்திருத்த சபைக் குடும்பத்தில் பிறந்து, நம்பிக்கை தளர்ந்தவர். லிவர்பூலை அறிந்தவர்க்கு இத்தகைய திருமணத்தின் பொருள் புரியும். 1840களின் அயர்லாந்துப் பஞ்சம் பல்லாயிரம் கத்தோலிக்கரை அத்துறைமுகத்தில் கொண்டு சேர்த்தது. இரு சபையினரும் தெருவாரியாகப் பிரிந்து, ஜூலைத் திங்களில் ஊர்வலம் விட்டு ஒருவரையொருவர் சீண்டிய நகரம் அது. மேரி தம் இரு பிள்ளைகளுக்கும் கத்தோலிக்கத் திருமுழுக்குப் பெறச்செய்தார். ஆயினும் அவர்கள் கத்தோலிக்கப் பள்ளிகளில் பயிலவில்லை. 1956 அக்டோபர் 31ஆம் நாள் புற்றுநோயால் அவர் இறந்தார். வுல்டன் விழாவுக்கு எட்டுத் திங்களுக்கு முன் நிகழ்ந்த இழப்பு அது. 1970இல் வெளிவந்த ‘லெட் இட் பீ’ பாடலில் வரும் அன்னை மேரியை நம்மவர் பலர் மரியன்னை என்றே கொள்வர். கனவில் கண்ட தம் தாயைத்தான் பாடியதாக மெக்கார்ட்னி சொல்லியிருக்கிறார். கேட்பவர் விரும்பியவாறு பொருள்கொள்வதிலும் அவருக்குத் தடையில்லை.

இசை அவருக்கு வீட்டுச் சொத்து. பருத்தி விற்பனையாளரான தந்தை, 1920களில் தம் பெயராலேயே ஒரு சிறு ஜாஸ் குழுவை நடத்தியவர். அலுவல் முடிந்த மாலைகளில் நடனக் கூடங்களில் வாசித்தவர். மகனுக்கு டிரம்பெட் வாங்கிக் கொடுத்தார். வாயில் டிரம்பெட்டை வைத்துக்கொண்டு பாட முடியாதே என்று மகன் அதைக் கொடுத்துக் கிதாராக மாற்றிக்கொண்டார். இச்சிறுவர் 1953இல் லிவர்பூல் ஆங்கிலிக்கன் பேராலயப் பாடற்குழுவுக்கான குரல்தேர்வுக்குச் சென்று தேறாமல் திரும்பியவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆக, அன்று ஆலயக் கூடத்தில் எதிரெதிரே நின்ற இருவரில் ஒருவர் பாடற்குழுவிலிருந்து வெளியேற்றப்பட்டவர். மற்றவர் பாடற்குழுவில் சேர்க்கப்படாதவர்.

மாலை நிகழ்ச்சிக்கும் இரவு நடனத்துக்கும் இடைப்பட்ட பொழுதில், குழுவினர் கூடத்தில் தம் கருவிகளை ஒழுங்குசெய்துகொண்டிருந்தபோது வான் அவரை அறிமுகம் செய்தார். முதலில் பேச்சு எழவில்லை. லெனனின் மூச்சில் பீர் நாற்றம் வீசியதை மெக்கார்ட்னி பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். பிறகு அவர் ஒரு கிதாரைக் கேட்டு வாங்கினார். இடக்கைப் பழக்கம் உள்ளவராதலால் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, எடி காக்ரனின் ‘ட்வென்டி ஃப்ளைட் ராக்’ பாடலை ஒரு சொல்லும் விடாமல் பாடினார். சொற்களைப் பாதி மட்டுமே அறிந்து மற்றதைக் கட்டிப்பாடும் லெனனுக்கு அது போதுமானதாயிற்று. கிதாருக்குச் சுருதி சேர்ப்பதும் மெக்கார்ட்னிக்குத் தெரிந்திருந்தது. குவாரிமென் குழுவில் எவருக்கும் அது கைவரவில்லை.

அந்த இரவு லெனன் எதிர்கொண்ட கேள்வியை அவரே பிற்காலத்தில் நேர்காணல்களில் விளக்கியிருக்கிறார். குழுவின் தலைவன் நான். என்னினும் திறமையுடைய ஒருவன் வந்திருக்கிறான். அவனைச் சேர்த்தால் குழு வலுவடையும், என் இடம் தளரும். சேர்க்காவிட்டால் நான் தலைவனாகவே இருப்பேன், குழு இப்படியே இருக்கும். பதினாறு வயதில், அதுவும் தற்பெருமை மிக்க ஒரு பையனுக்கு, இது சிறிய சோதனையன்று. பங்குப் பேரவைகளிலும் பக்தசபைகளிலும் அமர்ந்து பழகிய பெரியவர்களுக்கே இது எளிதில் கைவருவதில்லை என்பதை நாம் அறிவோம். அவர் குழுவைத் தேர்ந்தார். இரண்டு வாரம் கழித்து, மிதிவண்டியில் வந்த மெக்கார்ட்னியை வழியில் கண்ட ஷாட்டன், சேரும்படி அழைத்தார். அவர் சற்றே யோசித்து, சரி என்றார். அக்டோபர் 18ஆம் நாள் முதன்முறையாக அவர்களோடு மேடையேறினார்.

தெரிவுக்கு விலையும் இருந்தது. அதைப் பற்றி எழுதுவோர் குறைவு. திறமை மிக்கவர் உள்ளே வந்தபின் துணிப்பலகைக்கும் பாஞ்சோவுக்கும் தேயிலைப் பெட்டிக்கும் மெல்ல மெல்ல வேலையில்லாது போயிற்று. ஷாட்டன் தானே விலகினார். டேவிஸ் படிப்பை நோக்கிச் சென்றார். கேரி கடும் நோயுற்று மருத்துவமனையில் கிடந்தார். 1958இல், கத்தோலிக்கத் தாயின் மகனான ஜார்ஜ் ஹாரிசன் கிதாருடன் வந்தபோது கிரிஃபித்சுக்கு இடமில்லாது போனது. நட்புக்காகத் தொடங்கிய குழு, கலைக்காக நண்பர்களை உதிர்த்தது. இதில் யாரையும் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. ஆனால் உலகம் கொண்டாடும் கதையின் அடியில் இதுவும் கிடக்கிறது. அதே 1958 ஜூலை 15ஆம் நாள் ஜூலியா கார் மோதி இறந்தார். தாயை இழந்த இருவராக லெனனும் மெக்கார்ட்னியும் நெருங்கியது அதன்பிறகே.

1966இல் நிகழ்ந்ததை நம் வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். அவ்வாண்டு மார்ச் 4ஆம் நாள் லண்டன் மாலையிதழ் ஒன்றில் வெளியான நேர்காணலில், தம் குழு இப்போது இயேசுவைவிட மக்களிடையே பெயர்பெற்றுவிட்டது என்ற பொருளில் லெனன் பேசினார். இங்கிலாந்தில் எவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சில திங்கள் கழித்து அமெரிக்காவில் அது மறுபதிப்பானபோது, தென் மாநிலங்களில் அவர்களுடைய இசைத்தட்டுகளைக் குவித்துத் தீயிட்டார்கள். ஆகஸ்டில் சிகாகோ நகரில் அவர் வருத்தம் தெரிவித்தார். 2008 நவம்பரில் வத்திக்கான் நாளேடு ‘லொசர்வத்தோரே ரோமானோ’, எதிர்பாராப் புகழில் திளைத்த தொழிலாளர் வகுப்பு இளைஞன் ஒருவனின் வீம்புப் பேச்சு என அதனை மதிப்பிட்டு, குழுவின் இசையைப் பாராட்டியது. அத்தீர்ப்பு எனக்கு நியாயமாகவே படுகிறது, நாற்பது ஆண்டு தாமதம் என்பதைத் தவிர. தீயிட்டவர்கள் வுல்டன் விழாக்குழுவினரைக் காட்டிலும் பக்தியில் மிக்கவர்களாக இருந்திருக்கலாம். விழாக்குழுவினரோ, தாம் விலக்கிய பையனுக்குத் திடலில் இடம் தந்தவர்கள்.

அதே 1966இல் வெளியான ‘எலனர் ரிக்பி’ என்ற பாடலில், ஆலயத்தில் தனித்து வாழ்ந்து இறக்கும் ஒரு பெண்ணும், கேட்பாரற்ற மறையுரையை எழுதிக்கொண்டிருக்கும் ஒரு குருவும் வருகிறார்கள். அப்பெயர் பொறித்த கல்லறை வுல்டன் ஆலயக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. 1939இல் 44ஆம் வயதில் மறைந்த ஒரு பெண்மணியுடையது. பாடலை எழுதிய மெக்கார்ட்னி, அங்கிருந்து பெயரை எடுத்ததாகத் தமக்கு நினைவில்லை என்கிறார். அறியாமலே மனத்தில் பதிந்திருக்கலாம் என்பதையும் மறுக்கவில்லை. சிறுவயதில் தம்மைச் சேர்த்துக்கொள்ளாத பேராலயத்தில், 1991 ஜூன் 28ஆம் நாள் அவருடைய ‘லிவர்பூல் ஆரட்டோரியோ’ அரங்கேறியது. வுல்டன் கல்லால் எழுந்த அதே பேராலயம்.

அந்தச் சனிக்கிழமை இரவு நடனத்தின்போது ஓர் இளைஞர் தம் ஒலிப்பதிவுக் கருவியில் குவாரிமென் குழுவின் இரு பாடல்களைப் பதிந்துவைத்தார். 1994 செப்டம்பரில் அந்த நாடா ஏலத்தில் 78,500 பவுனுக்கு விற்பனையாயிற்று. அன்றைய நுழைவுச் சீட்டு 2 ஷில்லிங். கூடத்தின் பழைய மரமேடை இப்போது லிவர்பூல் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது.

1997 ஜூலையில், நாற்பதாம் ஆண்டு நினைவாக, ஷாட்டன், டேவிஸ், கேரி, கிரிஃபித்ஸ், ஹேன்டன் ஐவரும் வுல்டனுக்குத் திரும்பி வந்தார்கள். உணவகம், சிறைத்துறை, மெத்தைத் தொழில் என ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழியில் வாழ்ந்து முடித்து அறுபதை எட்டிக்கொண்டிருந்தவர்கள். 1980இல் லெனன் கொலையுண்டுவிட்டார். 1993இல் ஐவன் வானும் மறைந்துவிட்டார். ஐவரும் பழைய பாடல்களை மறுபடி ஒத்திகை பார்த்து, அதே ஆலய விழாவில் வாசித்தார்கள். துணிப்பலகையும் தேயிலைப் பெட்டியும் கூடவே வந்தன.